பல்லை அகற்றிய பின் தாமதம் வேண்டாம்: பல் உள்வைப்பு சிகிச்சை செய்யப்படுவது எப்படி?

பல்லை அகற்றிய இடத்தை வெறுமையாக விட்டால் தாடை எலும்பு படிப்படியாகத் தேயும்; முதல் ஆண்டிலேயே இழப்பு அதிகம். மாற்றுப் பல் குறித்து விரைந்து முடிவெடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்த இதுவே காரணம்.

பல் உள்வைப்பு என்பது வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கப்படும் சிறு திருகு. இது பெரும்பாலும் டைட்டானியத்தால் ஆனது. இவ்வுலோகத்துடன் எலும்பு இறுகப் பிணைவதை ஸ்வீடன் மருத்துவ ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1952-இல் கண்டறிந்தார். 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். உலோகத்தைத் தவிர்க்க விரும்புவோருக்கு வெண்ணிற ஜிர்கோனியா உள்வைப்புகள் உள்ளன.

எலும்பும் ஈறும் நலமாக இருந்தால், பல்லை எடுத்த அன்றே திருகைப் பதிக்கலாம். தொற்று கடுமையாக இருந்தால் புண் ஆறும் வரை காத்திருக்க நேரிடும். எலும்பு குறைந்திருந்தால் முதலில் எலும்பு ஒட்டு சிகிச்சை தேவைப்படலாம். செலவும் காலமும் கூடும். திருகு எலும்புடன் பிணையப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். பின்னர் அதன்மேல் 'கிரவுன்' எனப்படும் பல் வடிவ உறை பொருத்தப்படும்.

புகைப்பழக்கமும் கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் இப்பிணைப்பைப் பாதிக்கும். எலும்புத் தேய்வுக்கு மருந்து உட்கொள்வோர், பல்லை அகற்றும் முன்பே அதனை மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.