கடல் குறுக்கே நிற்கும்போது வீடே வைத்தியசாலை



யாழ்ப்பாணத் தீவகத்துக்குப் போய் வந்தவர்களுக்குக் குறிகாட்டுவான் இறங்குதுறையைத் தெரிந்திருக்கும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் புறப்படும் இடம் அது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்கள் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்விடலாம். நெடுந்தீவாருக்கோ சுமார் ஒரு மணி நேரக் கடல் பயணத்தைத் தவிர வேறு வழியில்லை.

இரு சிறுநீரகங்களும் செயலிழந்த ஒருவர் அத்தீவில் இருக்கிறார் என வைத்துக் கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம், அவரது இரத்தத்தை இயந்திரம் சுத்திகரிக்க வேண்டும். விடியலில் படகு, பின்பு பஸ், யாழ்ப்பாணத்தில் சிகிச்சை; களைத்த உடம்போடு மீண்டும் பஸ், மீண்டும் படகு. வாடைக் காற்றில் கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்டால், உடம்பில் சேரும் கழிவும் நீரும் காத்திருக்குமா?

இயந்திரத்தையே தீவுக்குக் கொண்டு போனால் என்ன என்று கேட்கலாம். ஒரு தடவை சுத்திகரிக்க, நன்கு வடிகட்டிய தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 120 லீற்றர் வேண்டும். நல்ல தண்ணீருக்குச் சிரமப்படும் தீவில் அது இலேசான காரியமல்ல.

வயிற்றுக்குள்ளே ஒரு வடிகட்டி

இதற்கு வேறொரு வழி உண்டு. நம் குடலைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்றை வல்ல நாயன் அமைத்திருக்கிறான். வயிற்றில் சிறு சத்திர சிகிச்சை செய்து மென்மையான குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். அதன் வழியே சுமார் 2 லீற்றர் மருந்து நீரை உள்ளே விடுவார்கள். இரத்தத்திலுள்ள கழிவுகள் சவ்வின் ஊடாக அந்நீரில் வந்து சேரும். நீரிலுள்ள குளுக்கோஸ், உடம்பில் மிஞ்சிய தண்ணீரை இழுத்துக்கொள்ளும். 4 முதல் 6 மணி நேரம் கழித்து அதை வெளியேற்றிப் புதிய நீரை நிரப்ப வேண்டும். பொதுவாக நாளொன்றுக்கு 4 தடவை. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் அளவில் செல்லும். பையை உயரத்தில் தொங்கவிட்டால் நீர் தானே இறங்கும். மின்சாரமோ இயந்திரமோ தேவையில்லை.

1943இல் ஹொலந்து நாட்டு வைத்தியர் வில்லெம் கொல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தை மனிதருக்குப் பயன்படுத்தினார். வயிற்றின் வழியே நாள் முழுதும் நடக்கும் இம்முறையை 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பொபோவிச், மொன்கிரீஃப் ஆகியோர் உருவாக்கினர். ஹொங்கொங் 1985 முதல் இதையே முதல் சிகிச்சையாக வைத்திருக்கிறது. நம் நாட்டிலும் சில அரச வைத்தியசாலைகளில் இது செய்யப்படுகிறது.

கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 8 லீற்றர் என்றால் மாதத்துக்கு 240 லீற்றர், 120 பைகள். கடல் அமைதியான நாளில் அவற்றைப் படகில் ஏற்றி, வெயில் படாத அறையில் அடுக்கிவிடலாம். வாரந்தோறும் கடல் தாண்டிய நோயாளி வீட்டில் இருப்பார். பரிசோதனைக்கு மட்டும் வைத்தியரிடம் போய் வருவார்.

பொறுப்பு யாருடையது?

சகோதரிகளே, இந்தச் சிகிச்சையில் தாதியாக நிற்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். இதன் பெரிய ஆபத்து கிருமித் தொற்று. கதவை மூடி, மின்விசிறியை நிறுத்தி, வாயையும் மூக்கையும் மூடிக்கட்டி, சவர்க்காரமிட்டுக் கைகளை நன்றாகக் கழுவிய பின்பே குழாயைத் தொட வேண்டும். தூங்கி எழுந்ததும் கை கழுவப் பழக்கிய மார்க்கம் நம்முடையது. ஆனால் ஒளு செய்தேனே என்று சவர்க்காரத்தை விட்டுவிடக் கூடாது.

வெளிவரும் நீர் கலங்கியிருந்தாலோ, வயிற்று வலியோ காய்ச்சலோ கண்டாலோ, அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். படகு ஓடாத நாளில் இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். முன்பு வயிற்றில் பெரிய சத்திர சிகிச்சை செய்தவர்கள் போன்ற சிலருக்கு இம்முறை ஒத்துவராது. முடிவு வைத்தியருடையது.

“மௌலவி, வயிற்றில் குழாயுடன் தொழலாமா?” என்று தாய்மார் கேட்கிறார்கள். தாராளமாகத் தொழலாம். ஒளுவில் கழுவும் உறுப்புகளில் வயிறு இல்லை. கடமையான குளிப்புக்கு, கட்டுப் போட்டவருக்குரிய சலுகை பிக்ஹு நூல்களில் உண்டு. அருகிலுள்ள ஆலிமிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். நோன்பு நோற்க முடியாத, தீராத நோயாளிக்கு அல்லாஹ் பித்யாவை வைத்திருக்கிறான். அவரை வற்புறுத்தி நோன்பு பிடிக்க வைப்பது பக்தியல்ல.

தீவகத்துக்கு மட்டும் உரிய செய்தியல்ல இது. வைத்தியசாலை எட்டாத ஒவ்வொரு ஊருக்கும் பொருந்தும். உங்கள் வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தால், வைத்தியரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்: “வீட்டிலேயே செய்யும் முறை இவருக்குப் பொருந்துமா?” நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள், அந்தக் கேள்விக்கே இடம் வராதபடி இன்றே இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

நோயாளியைப் பராமரிக்கும் ஒவ்வொரு கைக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.