நினைவிலிருந்து ஏட்டுக்கு

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளைச் சாலையோரத்து அலுவிகாரைக் குகைகளை நம்மிற் பலர் கண்டிருப்பர். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், போரும் பஞ்சமும் நாட்டை வாட்டின. திரிபிடகமோ அதுவரை பிக்குகளின் நினைவில் மட்டுமே வாழ்ந்தது. ஓதுவோர் மடிந்தால் நூலும் மடியுமன்றோ? ஐந்நூறு பிக்குகள் இங்கே கூடி அதனை ஏட்டிலேற்றினர் என்பது மரபு.

தாளிப்பனையின் இளங்குருத்தோலையை அவித்து, உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணியாற் கீறி மை பூசுவர். துடைத்தபின் கீறலில் மட்டும் கருமை நிற்கும். இத்துணை பாடுபட்டுச் சேர்த்த ஏட்டகம், 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலேயப் படையினரால் அழிந்தது. ஏடுகள் என்ன குற்றம் செய்தனவோ! பிற விகாரைகளிற் படிகள் இருந்தமையால் நூல் பிழைத்தது. ஓலையில் எழுதும் முறையை இன்றும் நாம் அங்கே காணலாம்.