மூளையில் புகும் காளான்

நாட்பட்ட ரொட்டியிலும் ஈரச் சுவரிலும் படரும் பூஞ்சைக் காளானை நாம் யாவரும் அறிவோம். அவ்வினத்தில் சில மனித மூளையையும் பற்றும் என்பதை 2021-ஆம் ஆண்டு நாட்டுக்கு உணர்த்திற்று. கொரோனா நோயைத் தொடர்ந்து, மூக்கில் தொடங்கிக் கண்ணுக்கும் மூளைக்கும் பரவிய ‘கருப்புப் பூஞ்சை’யின் சிகிச்சையை ஆந்திர அரசு அவ்வாண்டு மே மாதத்தில் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தில் சேர்த்தது.

காளான் என்று தெரிந்தால் போதாதா, அதன் பெயர் எதற்கு என நண்பர்கள் கேட்கலாம். பெயரைப் பொறுத்தே மருந்து மாறுகிறது. ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் காளானை வோரிகொனசோல் அடக்கும். கருப்புப் பூஞ்சையின் முன் அம்மருந்து பயனற்றது. அதற்கு ஆம்ஃபோடெரிசின் வேண்டும். கிரிப்டோகாக்கஸ் என்பதோ மூளையின் உறையைத் தாக்கி, வாரக்கணக்கில் தலைவலியும் காய்ச்சலும் தந்து, காசநோயைப் போலவே தோன்றும். காசநோய் மருந்தால் அது தீராது.

முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரில் இந்திய மை கலந்து நுண்ணோக்கியில் நோக்கினால், கிரிப்டோகாக்கஸ் கரிய பின்னணியில் ஒளிவட்டத்துடன் தெரியும். ஆனால் எண்ணிக்கை குறைவாயின் கண்ணுக்குத் தப்பிவிடும். வளர்த்துப் பார்க்க நாட்கள் பல ஆகும். கருப்புப் பூஞ்சையின் இழைகளோ, திசுவை அரைக்கும்போதே சிதைந்து, வளராமற் போவதுண்டு.

இங்கேதான் மூலக்கூறு முறை கைகொடுக்கிறது. 1983-இல் காரி முல்லிஸ் கண்ட பி.சி.ஆர். முறையில், சூடாக்கி ஆற்றும் ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. துண்டு இரட்டிக்கும். 30 சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும்! காளான்களின் டி.என்.ஏ.வில் எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதிகளும், அவற்றின் இடையே இனத்துக்கு இனம் வேறுபடும் பகுதியும் உண்டு. பொதுப் பகுதியைப் பற்றிக்கொண்டு இடைப்பகுதியைப் பெருக்கிப் படித்தால் பெயர் தெரியும். பஸ்களெல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும், தெலுங்குப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துத்தானே சித்தூர் பஸ் எதுவென்று அறிகிறோம்!

குறைகளும் உள. காளானின் தடித்த சுவரை உடைத்தாலன்றி டி.என்.ஏ. கிடைக்காது. காற்றில் மிதக்கும் வித்துகள் குழாயில் விழுந்து ஏமாற்றும். ஆகவே மாதிரி சேர்க்காத குழாய் ஒன்றையும் உடன் சோதிக்க வேண்டும். ‘இல்லை’ என்று முடிவு வந்தாலும் நோய் இல்லையென்று உறுதி கூற முடியாது. கிரிப்டோகாக்கஸுக்கு, சில நிமிடங்களில் விடை தரும் எளிய அட்டைச் சோதனை உண்டு. பெரிய கருவி வேண்டியதில்லை.

எந்தச் சோதனையும் மருத்துவருக்கு ஐயம் எழுந்த பின்னரே நடக்கும். அந்த ஐயத்தை எழுப்புவது நோயாளியின் வாய்மொழி. எத்தனை வாரமாகத் தலைவலி, நீரிழிவு உண்டா, ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டதுண்டா என்ற வினாக்களுக்குத் தெலுங்கில் விடை சொல்லத் தெரியாமல் திகைக்கும் நம்மவர் திருப்பதியிலும் சித்தூரிலும் உண்டு. இருமொழியும் அறிந்த மாணவர்கள் அவர்களுடன் மருத்துவமனைக்குச் சென்று அந்த விடைகளைச் சொல்லித் தருவது, ஆய்வுக்கூடத்துப் பணிக்குச் சற்றும் குறைந்ததன்று.