வலிக்காத புண்

காலில் முள் குத்தினால் என்ன செய்வோம்? "ஆ!" என்று அலறிக் காலைத் தூக்கிவிடுவோம். வலிதான் நம் உடலின் காவல்காரன். அந்தக் காவல்காரன் தூங்கிவிட்டால்?

நீரிழிவு நோய் பல ஆண்டுகள் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் அப்படித்தான் ஆகிறது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, பாதத்திற்குச் செல்லும் நரம்புகளைக் கெடுக்கிறது. செருப்பில் ஆணி இருந்தாலும் தெரிவதில்லை. இரத்தக் குழாய்களும் குறுகிவிடுவதால் புண் எளிதில் ஆறுவதில்லை. கிருமிகள் பெருகி எலும்பு வரை சென்றுவிட்டால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

அறுவைக்கு முன்

மருத்துவர் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்துகிறார். 10 கிராம் விசையில் வளையும் இழை அது. அது தொடுவதை நோயாளி உணராவிட்டால் நரம்புகள் கெட்டுவிட்டன என்று பொருள். அடுத்து, பாதத்தின் மேலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடி பார்க்கிறார். ஏன் தெரியுமா? இரத்தம் போகாத இடத்தில் அறுத்தால் அறுத்த காயமும் ஆறாது! குழாயில் அடைப்பு இருந்தால் அதை நீக்க வழி தேடுவார்கள். ஆனால் சீழ் வேகமாகப் பரவினால் காத்திருக்க மாட்டார்கள்; உடனே அதை வெளியேற்றுவார்கள். இன்சுலின் கொடுத்து, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 100 முதல் 180 மில்லிகிராமுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள்.

அறுவையின்போது

சர்க்கரை மிகவும் குறைந்தால் நடுக்கமும் வியர்வையும் தோன்றும். மயக்கத்தில் இருப்பவர் இதை எப்படிச் சொல்வார்? அதனால் அடிக்கடி ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். அறுவை நிபுணர் இறந்துபோன திசுக்களை அகற்றிக்கொண்டே வருவார். எங்கே நிறுத்துவது? இரத்தம் கசியும் சிவந்த, உயிருள்ள திசு தெரியும் இடத்தில்! சீழ் பிடித்த புண்ணை உடனே தைத்து மூடாமல் பெரும்பாலும் திறந்தே வைப்பார்கள்.

அறுவைக்குப் பின்

வலி இல்லாததால் நோயாளி எழுந்து நடந்துவிடுவார். ஆறிவரும் புண் மறுபடி நசுங்கும். இதற்கு ஒரு வழி நம் வேலூரிலிருந்து பரவியது. 1946இல் அங்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் உணர்வற்ற பாதங்களை ஆராய்ந்தார். பாதம் முழுவதையும் அணைத்துப் பிடிக்கும் பிளாஸ்டர் கட்டினால், உடலின் எடை ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவுகிறது, புண் ஆறுகிறது. 1966இல் அமெரிக்கா சென்றபின், நீரிழிவால் உணர்விழந்த பாதங்களுக்கும் இம்முறை உதவும் என்று அவர் காட்டினார். புண் ஆறிய பிறகு மென்மையான ரப்பர் செருப்பு அணிய வேண்டும். அறுவை முடிந்தாலும் நரம்பு பழையபடி ஆவதில்லை அல்லவா?

மாணவர்களே! உங்கள் வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ நீரிழிவு இருக்கிறதா? தினமும் அவர்களுடைய பாதங்களையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். செருப்பைத் தட்டிக் கொடுங்கள். சிறு கொப்புளம் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். தூங்கிவிட்ட காவல்காரனின் வேலையை உங்கள் கண்கள் செய்யட்டும்.