மலைப்பாதையில் ஒரு பழைய புல்லட்

பிரிட்டனில் பிறந்த பழைய மோட்டார் சைக்கிள்களுள் நார்ட்டனும் மேட்ச்லெஸ்ஸும் பி.எஸ்.ஏ.வும் பெரும்பாலும் சேகரிப்பாளர்களின் கொட்டகைகளில் துணி போர்த்தி நிற்க, அதே தலைமுறையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு புல்லட் மட்டும் சித்தூரிலும் திருப்பதியிலும் இன்றும் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வரும் வண்டியாகவே இருக்கிறது. பழமை என்பதற்காக மட்டும் எவரும் ஒரு வண்டியை வெயிலில் உதைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அது இங்கே நிலைத்திருப்பதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்றும் பொறியியல் காரணம் ஒன்றும் உண்டு. ஓட்டுபவருக்கு அது தரும் மகிழ்ச்சி இவ்விரண்டும் சேரும் இடத்தில்தான் பிறக்கிறது.

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் 1901-இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த அந்த நிறுவனம், 1932-இல் புல்லட் என்ற பெயரைச் சூட்டியது. பின்சக்கரம் பள்ளத்திலும் மேட்டிலும் தனியே ஏறி இறங்கும்படி அமைந்த சட்டத்தோடு, இன்று நாம் அறியும் உருவத்தை அது பெற்றது 1940-களின் இறுதியில்தான். எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி தேடிய இந்திய ராணுவம் 1950-களின் தொடக்கத்தில் 800 புல்லட்டுகள் கேட்க, அதன் தொடர்ச்சியாக 1955-இல் ரெடிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னையின் திருவொற்றியூர் ஆலையில் முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள்; 1960-களின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. ரெடிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது, தாய் நிறுவனமும் 1971-இல் கலைந்தது. ஆனால் திருவொற்றியூர் நிற்கவில்லை என்பது மட்டுமல்ல, 1977-இல் தன் புல்லட்டைப் பிரிட்டனுக்கே ஏற்றுமதி செய்யவும் தொடங்கியது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ரெடிச்சில் இருந்தவர்கள் தங்கள் வண்டியை ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டே போனார்கள். சென்னையில் இருந்தவர்களோ பெரும்பாலும் 1955-ஐ ஒட்டிய வடிவத்தையே அரை நூற்றாண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். தாய்நிலத்தில் வழக்கொழிந்த சொல் எல்லைப்புற வட்டாரத்தில் உயிரோடு இருப்பதை மொழியறிஞர்கள் கண்டெடுப்பதுபோல, பிரிட்டிஷ் ஒற்றை உருளை வண்டியின் பழைய இலக்கணத்தைக் காண விரும்புகிறவர் சென்னைப் புல்லட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஆலையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுதான். திருப்பதியும் அடங்கிய அன்றைய சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1 அன்று சென்னை மாநிலத்தைப் பிரிந்து ஆந்திரத்தோடு சேர்ந்தது. ஆலை வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. ஆகவே ஆட்சி எல்லையின்படி புல்லட் இங்கே வெளிமாநிலச் சரக்கு. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் கடைவீதியின் கணக்கில் அது பக்கத்து ஊர்ப் பொருள்.

பொறியியல் காரணத்துக்கு வருவோம். பழைய 350 புல்லட்டின் இன்ஜினில் ஒரே உருளை. அதன் குறுக்களவு 70 மில்லிமீட்டர், அதனுள் பிஸ்டன் மேலும் கீழுமாகப் போய்வரும் தூரம் 90 மில்லிமீட்டர். குறுக்களவைவிடப் போய்வரும் தூரம் மிகுந்த இத்தகைய நீண்ட வீச்சு இன்ஜின், கனத்த சுழல்சக்கரத்தோடு சேரும்போது, மெதுவாகச் சுற்றும்போதே இழுவிசையைக் கொடுத்துவிடுகிறது; வேகமாகச் சுற்றச் சொன்னால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே பெட்ரோல் எரிவதால், நிமிடத்துக்கு 600 சுற்றில் நின்றபடி ஓடும் வண்டியில் நொடிக்கு ஐந்து வெடிப்புகள்தான் நிகழும். காது அவற்றைத் தனித்தனியே எண்ணிவிடக்கூடியது என்பதே ஊரறிந்த அந்த ‘டப் டப்’ ஒலியின் இரகசியம். அதே அளவுள்ள இன்றைய வண்டிகள் பல இதைவிட இரு மடங்கு திறன் தருகின்றன. 18 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு 160 கிலோவுக்கு மேல் எடையுள்ள இந்த வண்டி எவரையும் முந்தப்போவதில்லை.

இதை உயிர்ப்பிப்பதே ஒரு கலை. சாவியைத் திருப்பியதும் விளக்குக் கூண்டின் மேலுள்ள ஆம்பியர் மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்ந்தால், மின்சாரம் காயிலுக்குப் போகிறது என்று பொருள். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே வர, பிஸ்டன் காற்றை இறுக்கி மேலே வரும் கட்டத்தில் கால் தடைபடும், முள்ளும் நடுவுக்குத் திரும்பும். அப்போது இடக்கையருகே உள்ள டீகம்ப்ரஸர் என்னும் சிறு பிடியை இழுத்தால், உருளைக்குள் இறுகிய காற்று வெளியேற வழி திறக்கும். கிக்கரை இன்னும் சிறிது நகர்த்தி, பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழு வீச்சில் ஒரே உதை கொடுத்தால் வண்டி பேசத் தொடங்கும். உடல் வலிமைக்கு இதில் பெரிய பங்கில்லை. மெலிந்த முதியவர் ஒரே உதையில் கிளப்புவதையும், கட்டுமஸ்தான இளைஞர் பத்து உதை உதைத்து வியர்த்து நிற்பதையும் எந்த ஒர்க்‌ஷாப் வாசலிலும் பார்க்கலாம். தீப்பொறி உரிய நேரத்துக்கு முன்பே விழுமாறு அமைந்துவிட்ட வண்டியோ, பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ளிக் கிக்கரைத் திருப்பி அடிக்கும். ‘ரிட்டர்ன்’ என்று மெக்கானிக்குகள் அழைக்கும் அந்த அடி கணுக்காலைப் பதம் பார்க்கக்கூடியது. எலும்பு முறிவுக் கட்டுக்குப் பெயர்போன புத்தூர் இதே வட்டாரத்தில் அமைந்திருப்பதைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும்.

புதிய வண்டி ஓட்டிப் பழகியவருக்கு அடுத்த வியப்பு காலடியில் காத்திருக்கும். ஆங்கிலேய மரபுப்படி இதில் கியர் வலக்காலுக்கும் பின்பிரேக் இடக்காலுக்கும் உரியவை. முதல் கியருக்கு மேல்நோக்கித் தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழ்நோக்கி மிதிக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் வலக்கால் பழக்கத்தால் பிரேக்கைத் தேடினால் அங்கே இருப்பது கியர் என்பதால், இந்த வண்டியை வாங்குபவர் முதல் சில வாரங்கள் ஆளில்லாச் சாலையிலேயே ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஆல்பியன் என்ற பெயருடைய அந்தக் கியர்பெட்டியில் குதிகாலால் மிதிக்கும் இன்னொரு சிறு நெம்புகோலும் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய எந்தக் கியரிலிருந்தும் ஒரே மிதியில் வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவரும் அந்த ஏற்பாடு சிக்னலில் நிற்பவருக்குப் பெரும் உபகாரம்.

இந்தக் குணங்கள் அனைத்தும் சோதிக்கப்படும் இடம் திருமலைப் பாதை. சேஷாசல மலைமேல் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்திலுள்ள திருமலைக்கு முதல் மலைச்சாலை 1944-இல் திறக்கப்பட்டது. 1970-களில் வந்த இரண்டாவது சாலை ஏறுவதற்கும், கொண்டை ஊசி வளைவுகள் மலிந்த பழைய சாலை இறங்குவதற்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஏற்றத்தில் இருவரைச் சுமந்தபடி, ஆக்ஸிலேட்டரை அதிகம் முறுக்காமல், மூன்றாவது கியரில் நிதானமாக ஏறும் புல்லட்டில்தான் நீண்ட வீச்சு இன்ஜினின் பொருள் விளங்குகிறது; வளைவுக்கு வளைவு வெடிப்பின் தாளம் தளர்வதையும் மீண்டும் இறுகுவதையும் கேட்டே எப்போது கியரைக் குறைக்க வேண்டும் என்று ஓட்டுபவர் முடிவு செய்கிறார். இறக்கத்தில் கதை வேறு. பழைய புல்லட்டின் டிரம் பிரேக், அதாவது சக்கரக் குடத்துக்குள் கட்டைகள் விரிந்து உரசும் பிரேக், தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் இழக்கும். ஆகவே கீழ்க்கியரில் வைத்து, ஆக்ஸிலேட்டரை மூடிய நிலையில் இன்ஜினே சக்கரத்தைப் பிடித்து நிறுத்துமாறு விட்டு, பிரேக்கை வளைவுகளுக்கு மட்டும் சேமித்துக்கொள்வதே முறை. நியூட்ரலில் இறக்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர் மிச்சம் பிடிப்பது சில ரூபாய். பணயம் வைப்பது உயிரை. சித்தூருக்கும் பலமநேருக்கும் இடையிலுள்ள மொகிலிக் கணவாய்க்கும் இது பொருந்தும். மலை வேண்டாம் என்பவருக்குச் சித்தூரிலிருந்து திருப்பதி வரையிலான 70 கிலோமீட்டர் இருக்கிறது; வழியில் சந்திரகிரிக் கோட்டை. ஆங்கிலேயருக்குச் சென்னையில் இடம் கிடைத்த 1639-இல் அந்த வட்டாரம் சந்திரகிரி அரசின் ஆட்சிப்பரப்பாகவே இருந்தது என்பதை அறிந்தவருக்கு, சென்னையில் செய்த ஆங்கில வண்டியில் அந்த மதிலைக் கடப்பது தனிச் சுவை.

பராமரிப்பைத் தொல்லை என்று கருதுபவர் இந்த வண்டியை வாங்காதிருப்பதே இரு தரப்புக்கும் நலம். தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானிப்பது பாயிண்ட் எனப்படும் ஒரு சோடி உலோக முனைகள். அவை பிரியும் கணத்தில் காயிலில் எழும் உயர் மின்னழுத்தம் ஸ்பார்க் பிளக்கில் பொறியாகிறது. முழுதும் திறந்த நிலையில் அவற்றின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. ஃபீலர் கேஜ் என்னும் தகட்டளவியால் இதைச் சரிபார்ப்பார்கள். முனைகள் பிரியும் நொடியை அறிய, சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளை இடையில் செருகி, அது எப்போது நழுவுகிறது என்று பார்க்கும் மெக்கானிக்குகளும் உண்டு. வால்வுகளைத் திறக்கும் தள்ளுதண்டுகளை, இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு, விரலால் உருட்டினால் தடையின்றிச் சுழலவும், மேலும் கீழும் ஆட்டினால் அசையாமலும் இருக்குமாறு அமைக்க வேண்டும். இங்கே அளவுகருவி கிடையாது, விரல்தான் கருவி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதன் நிறமே நோய் சொல்லும்: வெளிர் பழுப்பு நலம்; கரி படிந்த கருமை பெட்ரோல் மிகுதி; வெளுத்த நிறம் காற்று மிகுதி, அதாவது இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

பழைய வண்டியின் இன்பம் ஓட்டுவதில் மட்டும் இல்லை என்பது இங்கேதான் தெளிவாகிறது. இன்றைய வண்டியில் பழுது ஏற்பட்டால் கணினியைப் பொருத்திக் குறியீட்டைப் படிக்க வேண்டும். புல்லட்டிலோ காரணமும் விளைவும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவில் இருப்பதால், அரை டஜன் ஸ்பேனரும் பொறுமையும் உள்ள எவரும் தம் வண்டியைத் தாமே புரிந்துகொள்ள முடிகிறது. வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டுவது மட்டும் எந்தப் புரிதலுக்கும் அடங்காது. புதிய பேக்கிங் போட்டாலும் சில மாதங்களில் மீண்டும் கசியும்; அனுபவசாலிகள் தரையில் ஓர் அட்டையை விரித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

மே மாத வெயில் இன்னொரு ஆசிரியர். காற்றால் மட்டும் குளிரும் இந்த இன்ஜினில் உருளை வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். சூட்டில் அலுமினியம் அதிகம் விரிவதால், திருப்பதியில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில் நெடுஞ்சாலையில் இடைவிடாது விரட்டினால் பிஸ்டன் உருளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை புளியமர நிழலில் நிறுத்துவது சோம்பல் அல்ல. அண்மையில் சேர்ந்துள்ள இன்னொரு கவலை, பெட்ரோலில் கலக்கப்படும் 20 விழுக்காடு எத்தனால். அது பழைய இரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டரின் வளையங்களையும் ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தை ஈர்த்து டேங்கின் உட்புறத்தில் துருவும் ஏற்றும். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதானால் கார்புரேட்டரை வடித்துவிடுவதும், குழாய்களைப் புதிய வகைக்கு மாற்றுவதும் இன்றியமையாதவை.

உதிரிபாகங்களுக்குச் சித்தூர் வாசிகளுக்கு இருபுறமும் கதவு திறந்திருக்கிறது: கிழக்கே சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும், மேற்கே பெங்களூரின் ஜே.சி. சாலையும். வார்ப்பிரும்பு இன்ஜின் தயாரிப்பு 2010-ஐ ஒட்டி முடிவுக்கு வந்துவிட்டபோதிலும், பிஸ்டனும் கிளட்ச் தட்டுகளும் வேறு நிறுவனங்களின் தயாரிப்பாக இன்னும் கிடைக்கின்றன. தரம்தான் கடைக்குக் கடை மாறும். பேட்டரிக்கு அவ்வளவு தூரமும் போக வேண்டியதில்லை, நாடறிந்த அமரான் பேட்டரியின் அமர ராஜா ஆலை திருப்பதியை அடுத்த கரகம்பாடியில்தான் இருக்கிறது.

சட்டம் பற்றியும் ஒரு சொல். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். வேலூரிலோ சென்னையிலோ வாங்கிய வண்டியைச் சித்தூரில் நிலையாக வைத்திருப்பதானால், தமிழ்நாட்டு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று பெற்று ஆந்திரத்தில் மறுபதிவு செய்து வரியும் கட்ட வேண்டும். முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, உருமாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2021-இல் தனிப் பதிவு முறை வந்தது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் அத்தகைய தேவைகளுக்கும்தான் எடுக்கலாம். ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு அது ஏற்றதல்ல. ஊரை எழுப்பும் சைலன்சரைப் பொருத்துவது சட்டமீறல் என்பதோடு, பழைய வண்டியின் தாளத்தை மூழ்கடிக்கும் இரசனைக் குறைவும் ஆகும்.

விற்பவர் எல்லாரும் தம் வண்டி ‘இன்ஜின் பிரிக்காத வண்டி’ என்றே சொல்வார்கள். சித்தூரை அடுத்த காணிப்பாக்கம் விநாயகர் முன் பொய்ச்சத்தியம் செய்ய அஞ்சுவது இப்பகுதி வழக்கம் என்றாலும், ஒவ்வொரு விற்பனையாளரையும் அங்கே அழைத்துச் செல்வது நடைமுறையில் இயலாது. ஆகவே வாங்க விரும்பும் வாசகர் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய், தம் காலாலேயே உதைத்துக் கிளப்பிப் பார்க்க வேண்டும். இன்ஜின் உறையிலும் சட்டத்தின் கழுத்திலும் பொறித்த எண்களைப் பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும். ஓர் இலக்கம் பொருந்தாவிட்டாலும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், அந்த வண்டியை விட்டுவிட வேண்டும்.