பூமியின் நிழலோரத்தில் ஒரு சுடர்

நம் வீட்டு மாடிகளில் வானத்தை அண்ணாந்தபடி நிற்கும் டிஷ் ஆண்டெனாக்கள் எந்தப் பொருளை இரவும் பகலும் நோக்கிக்கொண்டிருக்கின்றனவோ, அந்தப் பொருளை நாமும் வருஷத்தில் சில இரவுகளில் கண்ணாரக் காணலாம் என்பதைப் பலர் அறியார். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி ஒருமுறை சுழலும் 23 மணி 56 நிமிஷத்திலேயே தாமும் ஒரு பிரதட்சிணத்தை முடித்துவிடுவதால், ஆகாயத்தில் ஆணியடித்து மாட்டியவை போல நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்களே அவை. 1945-இல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் கட்டுரையாக எழுதிய இந்த யோசனை, 1964-இல் சின்காம்-3 என்ற செயற்கைக்கோள் மூலம் மெய்யாயிற்று. 1981-இல் நம் நாட்டின் ஆப்பிள் செயற்கைக்கோளும் அந்த வீதிக்குப் போய்ச் சேர்ந்தது.

சாதாரண இரவுகளில் இவை பதினோராம் தரப் பிரகாசமே உடையவை. அதாவது, வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படும் மிக மங்கலான நக்ஷத்திரத்தைக் காட்டிலும் நூறு மடங்கு மங்கலானவை. ஆனால் இவற்றின் அகன்ற சூரியத் தகடுகள், வடக்குத் தெற்காக அமைந்த அச்சில் திரும்பித் திரும்பி எப்போதும் சூரியனையே பின்தொடர்வதால், பகலும் இரவும் சமமாகும் விஷுவ காலத்தை ஒட்டிச் சூரியன் பூமத்திய ரேகையின் தளத்தை நெருங்கும்போது, அவற்றில் பட்ட ஒளி கண்ணாடியில் தெறித்தது போலப் பூமியை நோக்கியே திரும்புகிறது. அப்போது, கண்ணுக்கு எட்டாதிருந்த புள்ளி மெல்ல மெல்ல வளர்ந்து, சில நிமிஷங்களுக்கு ஐந்தாம் தரத்தையும், சில வேளை அதற்கு மேலும் எட்டிச் சுடர்விடுகிறது.

என்னை ஆட்கொண்டது அந்தச் சுடரைவிட, அது அணையும் விதந்தான். பிரகாசம் ஏறிக்கொண்டே வரும் தருணத்தில், விளக்கை ஊதி அணைத்தாற்போல அது சட்டென்று மறைந்துபோகிறது; பூமியின் நிழல் அதை விழுங்கிவிட்டது. சந்திர கிரகணத்தில் மட்டும் நாம் காணும் அந்த மாபெரும் நிழல், ஒவ்வோர் இரவும் நம் தலைக்குமேல் எங்கே விரிந்து கிடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டும் காட்சி வேறில்லை. ஏறக்குறைய எழுபது நிமிஷம் வரை அந்த இருளில் மின்கலங்களின் தயவில் ஜீவித்துவிட்டு, மறுகரையில் அது மீண்டும் ஒளியுடன் வெளிப்படுகிறது.

நக்ஷத்திரத்தையும் இதையும் பிரித்தறிவது எளிது. பைனாகுலரை அசையாதபடி நிறுத்தி, மாடிச் சுவரின் விளிம்பொன்றை அடையாளமாக வைத்துக்கொண்டால், இரண்டே நிமிஷத்தில் நக்ஷத்திரங்கள் யாவும் முழுநிலவின் அகலத்துக்கு மேற்கே நகர்ந்திருக்கும். இது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். முக்காலியில் வைத்த காமிராவோ, நக்ஷத்திரங்களைக் கோடுகளாகவும் இதைப் புள்ளியாகவும் பதிவு செய்துவிடும்.

வடக்கே உயர்ந்த அக்ஷரேகைகளில் இருப்போருக்கு இந்தப் பருவம் மார்ச் முதல் வாரத்திலும் அக்டோபர் இரண்டாம் வாரத்திலும் வரும். தமிழ்நாட்டிலிருப்போருக்கோ மார்ச் 15-ஐ ஒட்டிய சில இரவுகளிலும் செப்டம்பர் கடைசி வாரத்திலும் வரும். நிலவில்லாத இரவாகத் தேர்ந்துகொண்டு, நகரத்து விளக்குகளை விட்டு விலகி, நள்ளிரவுக்கு அரைமணி முன்பே வானத்தைப் பாருங்கள்: மார்ச்சில் உத்திர நக்ஷத்திரத்துக்கும், செப்டம்பரில் உத்திரட்டாதிக்கும் தெற்கே சுமார் 17 பாகையில்.