வளரிளம் பருவத்தினரும் புதினங்களும்

சிறுவர் கதைகள் சலித்துவிட்டன; பெரியோர் படிக்கும் புதினங்களோ இன்னும் கைக்கு எட்டவில்லை. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள வாசகர் பலரின் நிலை இதுவே. நூலகத்தில் சிறுவர் பகுதிக்கும் பெரியோர் பகுதிக்கும் இடையே தயங்கி நிற்கும் அவர்களுக்கு, “இதனைப் படித்துப் பார்” என்று ஒரு நூலை எடுத்துக் கொடுப்பவர் வாய்த்தால், அவர்கள் வாழ்நாள் வாசகர்களாகத் திகழ்வர். வாய்க்காவிடின், பாடநூலோடு படிப்புக்கு விடைகொடுத்து விடுவர். ஆதலின் நூற்பரிந்துரை சிறு பணியன்று.

பரிந்துரைப்போர் கடமை

சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர் எஸ்.ஆர். இரங்கநாதன். அவர் 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிட்டவேண்டும் என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிட்டவேண்டும் என்பதும் அவற்றுள் இரண்டாகும். நூலை அறிந்தால் மட்டும் போதாது. வாசகரையும் அறியவேண்டும் என்பதே இவற்றின் உட்பொருள்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பொது நூலகத்தில் 1930களிலிருந்து இளையோர் பிரிவை வளர்த்த மார்கரெட் எட்வர்ட்ஸ் அம்மையார், தம் உதவியாளர்கள் ஏராளமான நூல்களைத் தாமே படித்த பின்னரே இளையோருக்குப் பரிந்துரைக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். பெரியோருக்கென எழுதப்பட்டு இளையோருக்கும் ஏற்புடைய பத்து நூல்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் ‘அலெக்ஸ்’ விருதுகள், 1998 முதல் அவர் நினைவைப் போற்றி வருகின்றன.

இவ்வழி நமக்கும் பொருந்தும். தமிழில் இளையோர் புதினம் என்று தனி அலமாரி அமைந்த நூலகங்கள் அரிது. ஆயினும் அவர்கள் மனம் ஒன்றிப் படிக்கத்தக்க புதினங்கள் பெரியோர் அலமாரிகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்துத் தருதல் ஆசிரியர், நூலகர் ஆகியோரின் கடனாகும்.

எவருக்கு எது?

“இறுதியாக எந்தக் கதையை விரும்பிப் படித்தாய்?” என்ற வினாவிலிருந்தே பரிந்துரை தொடங்கவேண்டும். விறுவிறுப்பை நாடுபவருக்கு, 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நல்ல நுழைவாயில். பழந்தமிழ்ப் புதினங்களின் தோற்றத்தை அறிய விழைவோருக்கு, இலங்கையின் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ உண்டு. ஊரின் ஆதிக்கத்தையும் அதனை எதிர்க்கும் குரலையும் அறிய விரும்புவோர், தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைப் படிக்கலாம். ஆடு மேய்க்கும் ஏழைச் சிறுவர்களின் உழைப்பையும் தோழமையையும் காட்டுவது பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’.

இவற்றுள் ஒன்றைக் கட்டளையாகத் திணித்தல் தகாது. இரண்டு மூன்றை முன்வைத்து, தேர்வை அவர்களிடமே விடவேண்டும். பிடிக்காத நூலைப் பாதியில் மூடிவைக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

பெரியோரின் அச்சம்

துன்பமும் கொடுமையும் இடம்பெறும் கதைகளை இளையோர் படிக்கலாமா என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் அன்பினின்று பிறப்பது, புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ புதினத்தை எண்ணிப் பார்ப்போம். ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948ஆம் ஆண்டின் கொந்தளிப்பே அதன் களம். கிரிக்கெட்டும் கல்லூரியுமாக வாழும் சந்திரசேகரன் என்னும் இந்து மாணவன், கலவர நாளொன்றில் ஒரு முஸ்லிம் வீட்டினுள் புக நேர்கிறது. தன் குடும்பத்தாரைக் காக்க அங்குள்ள இளம்பெண் தன்னையே ஈடாக அளிக்க முன்வருகிறாள். அவன் வெட்கிக் குமைந்து வெளியே ஓடுகிறான். அந்த வெட்கமே அவனை மனிதனாக்குகிறது. எந்தச் சமயத்தைச் சார்ந்த மாணவர் படித்தாலும், பிறர் அச்சத்தைத் தம் அச்சமாக உணர்வர். அறிவுரை நூல்கள் பல சேர்ந்தும் செய்யவியலாத பணி இது.

எனவே, இத்தகைய நூல்களை மறைப்பதைவிட, உடன் படித்து உரையாடுவதே பெரியோர் செய்யத்தக்கது. படித்து முடித்த மாணவரிடம் “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டுச் செவிமடுப்போம். மாணவச் செல்வங்களே, நீவிரும் படித்து மகிழ்ந்த நூலைத் தோழர் கையில் கொடுங்கள். உங்களுக்கு ஒத்த வயதினர் சொல்லும் ஒரு சொல், நூலகப் பட்டியல் முழுவதையும்விட வலிமையுடையது.